ஐந்தாம் வகுப்பு: தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டு

தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தையும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் படிக்கும் கடைசி ஆண்டும் இதுதான். ஆறாம் வகுப்புக்குப் போனால் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்துவிடுகிறார். பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கான விடை இருநூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. அப்படி மாறிய போதெல்லாம் அடியில் கிடந்தது ஒரே கேள்வி: இந்தப் பிள்ளை இதோடு படிப்பை முடிக்கப் போகிறதா, மேலே போகப் போகிறதா?

திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற பிரிவு இல்லை. பாடம் என்ற பிரிவும் ஏறக்குறைய இல்லை. பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வரும். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு என்று மனப்பாடம் வளரும். இவை மொழிப் பாடமா, நீதிப் பாடமா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. கணக்குக்கு எண்சுவடி. அதன் கீழ்வாய் இலக்கங்கள் இன்றைய ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கைவிடக் கடினமானவை: கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரை வாய்ப்பாடாகச் சொல்ல வேண்டும். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் வட்டி போடவும் அது போதுமானதாக இருந்தது. மாலையில் வீட்டுக்குப் புறப்படும்போது ஆசிரியர் பிள்ளைகளிடம் ஒரு பூவின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வதும் உண்டு. அறிவியலும் புவியியலும் அந்த அளவில்தான் திண்ணைக்கு வந்தன.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. இது தமிழ்ப் பகுதிக்கு மட்டுமான எண்ணிக்கை அன்று. தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளும் இதில் அடங்கும். பையன்கள் பொதுவாக ஐந்து வயது முதல் பத்து வயது வரை பள்ளியில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் 1826இல் மன்றோ தம் முடிவுகளை எழுதினார். அதாவது, ஐந்தாம் வகுப்பு என்ற பெயர் வருவதற்கு முன்பே பத்து வயது என்ற எல்லை ஊர்களில் இருந்தது. வயலும் தறியும் கடையும் பிள்ளையைக் கூப்பிடும் வயது அது. பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. தாழ்த்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் எட்டாதவை. திண்ணைப் பள்ளியைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்ல மறக்கிறார்கள்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை முறையும் மணலில் எழுதும் வழக்கமும் இங்கிருந்து கடல் கடந்தன. எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், தாம் செய்து பார்த்ததை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது.

வகுப்பு, பாடவேளை, பாடப்புத்தகம், இன்ஸ்பெக்டர் எல்லாம் ஆங்கிலேய ஆட்சியின் கல்விக் கொள்கையை வகுத்த 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கைக்குப் பிறகு படிப்படியாக வந்தவை. அரசு மானியம் பெற்ற பள்ளியில் இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பார். தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கிடைக்கும். அவர் சோதித்தவற்றில் முதலிடம் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றுக்கே. சம்பளம் எதைப் பொறுத்ததோ அதைத்தானே வாத்தியார் நடத்துவார்? மற்ற பாடங்கள் அட்டவணையில் இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பின்னால்தான் நின்றன.

பின்னர் ஐந்தாம் வகுப்பு இரண்டு வழிகள் பிரியும் இடமாயிற்று. எலிமெண்டரி பள்ளியிலேயே தொடர்ந்தால் எட்டாம் வகுப்பு முடித்து அதற்குரிய சான்றிதழ் பெறலாம். ஹைஸ்கூலுக்குப் போனால் ‘ஃபர்ஸ்ட் ஃபாரம்’, அதாவது இன்றைய ஆறாம் வகுப்பு. பெரியவர்கள் பேச்சில் ‘ஃபாரம்’ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவர உள்ளாட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தந்தது.

அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது கணக்குதான். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆக 192 பை. இதோடு படி, மரக்கால், பலம், வீசை, மணங்கு. கூட்டிய பைகளை 12ஆல் வகுத்து அணாவாக்கி, அணாவை 16ஆல் வகுத்து ரூபாயாக்கிய பிறகுதான் விடை வரும். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. இந்தக் கணக்குகளும் புத்தகத்தை விட்டு நீங்கின. பாடத்திட்டக் குழு எதுவும் இவ்வளவு பெரிய சுமையை ஒரே வீச்சில் இறக்கியதில்லை. இதை இறக்கியவை நாணயச் சட்டமும் எடை அளவுச் சட்டமும்.

கைத்தொழில் வழியாக எல்லாப் பாடங்களையும் கற்பிக்கலாம் என்ற காந்தியின் ஆதாரக் கல்வி 1937இல் வார்தாவில் உருவானது. தக்ளியில் நூல் நூற்கும்போதே நீளமும் எடையும் கணக்காகும், பருத்தி விளையும் மண் புவியியலாகும் என்பது அதன் எண்ணம். பாடங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முயற்சிகளில் இதுவே ஆழமானது. நடைமுறையில் பல பள்ளிகளில் தக்ளி தனியாகச் சுழன்றது, கணக்கு தனியாக நடந்தது.

1953 ஜூனில் ராஜாஜி அரசு ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டு முறை வகுப்பு நடத்தி இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றது அரசு. எதிர்த்தவர்கள் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டார்கள், பெயர் நிலைத்துவிட்டது. பத்து வயதோடு படிப்பு முடியும் என்ற பழைய வழக்கத்தை அரசே ஏற்றுக்கொண்டதுபோல அது தோன்றியதில் வியப்பில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் தொடங்கிய மதிய உணவு, பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைத்தது.

அப்போதும் ‘அஞ்சாவது வரைக்கும்’ என்பது தமிழ்நாட்டில் ஒரு முழுப் படிப்பின் பெயராகவே இருந்தது. ஞானபீட விருது பெற்ற ஜெயகாந்தன் பள்ளியில் படித்தது அவ்வளவுதான்.

1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அமைந்தது. புத்தகம் ஒன்றானாலும் வகுப்பறை ஒன்றாகவில்லை. ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு அறிவியல் நடக்கும்போது அதே அறையில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த நிலைக்கு ஏற்ற விடையாக வந்தது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அன்றைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் இதைத் தொடங்கிவைத்தார், 2007இல் மாநிலம் முழுவதற்கும் பரவியது. ஏணிப்படி, அட்டைகள், பாய், தாழ்மட்டக் கரும்பலகை என்று வகுப்பறையின் உருவமே மாறியது. பிள்ளை தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறும். ஆனால் இது நான்காம் வகுப்போடு நின்றது. ஆறு முதல் எட்டு வரை, மனவரைபடம் வரையும் படைப்பாற்றல் கல்வி. இடையில் அகப்பட்ட ஐந்தாம் வகுப்புக்கு ‘எளிய படைப்பாற்றல் கல்வி’ என்று தனியாக ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. அட்டையிலிருந்து புத்தகத்துக்குத் திரும்ப ஓர் ஆண்டு அவகாசம், அவ்வளவே.

எல்லா வகைப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி ஐந்தாம் வகுப்புக்கு 2011இல் வந்தது. 2012இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. 2019இல் வெளியான புதிய புத்தகங்களில் கணக்குக்குள் ‘இடைக்கருத்து’ என்றொரு அலகு உண்டு. பாடத்துக்கும் பாடத்துக்கும் பாலம் போடும் ஆசை விட்டுப்போகவில்லை என்பதற்கு அது சாட்சி. கொரோனாவுக்குப் பின் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அடுத்த ஆண்டு ஐந்து வரை நீண்டது. அதன் பெயர், திண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கொன்றை வேந்தனிலிருந்து வந்தது.

பழைய கேள்வியும் ஒருமுறை திரும்பி வந்தது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019 செப்டம்பரில் அரசாணை வெளியானது. பத்து வயதில் தோற்ற பிள்ளை எங்கே போகும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டார்கள். தேர்வு ஒருமுறைகூட நடக்கவில்லை. 2020 பிப்ரவரி 4 அன்று அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் இந்த இரண்டு வகுப்புகளிலும் மாணவர்களை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு அதைப் பின்பற்றப் போவதில்லை என்று அறிவித்தது.