வயலுக்கு வந்த வணிகர்: கிழக்கு முஸ்லிம்களின் நிலமும் குடியும்

"முஸ்லிம்கள் ஒரு வர்த்தக சமூகம்" என்ற வசனம் எமது நாட்டில் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, மேடைப் பேச்சிலும் இருக்கிறது. சிலர் அதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள், சிலர் வேறு நோக்கத்தோடு சொல்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் அது அரைகுறையான வசனம். பெரும்போக விதைப்புக் காலத்தில் சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ இறக்காமத்திலோ போய் நின்று பார்த்தால் விளங்கும். முழங்கால் சேற்றில் நிற்கிற மனிதனைப் பார்த்து, நீ பிறவி வியாபாரி என்று எப்படிச் சொல்வது?

பிறவியிலேயே வியாபாரி, பிறவியிலேயே விவசாயி என்று எந்தச் சமூகமும் இல்லை. காலமும் அரசும் தள்ளுகிற பக்கத்துக்குச் சமூகம் நகர்கிறது. நகர்ந்த இடத்தில் கிடைக்கிறதைப் பற்றிப் பிடித்து ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொள்கிறது. கிழக்கு முஸ்லிம்கள் இதற்கு நல்ல உதாரணம்.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபோது கொழும்பு முதலான மேற்குக் கரைத் துறைமுகங்களில் கறுவாவும் பாக்கும் பெருமளவில் முஸ்லிம் வணிகரின் கையில் இருந்தன. வந்தவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதே கறுவாதான். ஆகவே மதப்பகையும் வியாபாரப் போட்டியும் ஒன்றாகவே சேர்ந்துகொண்டன. எது முன்னுக்கு நின்றது என்று கேட்டால், கறுவாதான் என்பேன். 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும்படி கட்டளை பிறந்தது. வெளியேறியவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டான். அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் வழங்கிவரும் செய்தி.

மன்னனின் கருணையைப் பற்றி எமது மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. கருணை இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது. கீழைக்கரை கண்டி இராச்சியத்தின் வாசல். அந்த வாசலில் போர்த்துக்கேயரோடு பகை கொண்ட ஒரு கூட்டத்தை இருத்துவது அரசனுக்கு இலாபம். அவன் பயந்ததும் நடந்தது. இரண்டு வருடத்தில், 1628இல், போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள்.

வந்தவர்கள் வெறும் நிலத்துக்கு வரவில்லை. அங்கே ஏற்கனவே தமிழ்க் குடிகள் இருந்தன, முஸ்லிம்களும் இருந்தார்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவர் பக்கம் நின்றார்கள், அதற்குக் கைமாறாகப் பெண்ணும் நிலமும் பெற்றார்கள் என்று எமது பெரியவர்கள் சொல்லும் கதை இருக்கிறது. அதன் ஒவ்வொரு வரியையும் வரலாறாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் அது ஒரு உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. கிழக்கில் நிலம் பெண்ணோடு சேர்ந்தே வந்தது.

குடிமுறையைக் கவனித்தால் இது தெளிவாகும். கிழக்கில் பிள்ளை வாப்பாவின் குடியை அல்ல, உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் என்பது பழைய ஒழுங்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போகிறார். இதில் எதுவும் அரபு நாட்டிலிருந்து வந்ததல்ல. பக்கத்து ஊர்த் தமிழரிடமும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. 1969 முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இரு சமூகத்துக்கும் பொதுவான இந்த ஒழுங்கை விரிவாக எழுதியிருக்கிறார். "புட்டும் தேங்காய்ப்பூவும்" என்ற உவமையை விட இது பலமான சான்று. அந்த உவமை இப்போது தேர்தல் காலத்தில் மட்டும்தான் வெளியே வருகிறது.

மார்க்கச் சட்டப்படி வாரிசுப் பங்கில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. இது மரணத்துக்குப் பிறகான பங்கீடு. கிழக்கில் தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் வயலையும் மகளுக்கு எழுதிவிடுகிறார்கள். மகனுக்கு அவன் மனைவி வழியாக வரும். ஆகவே மௌத்தான பிறகு பங்கிட மிஞ்சுவது சொற்பம். சட்டத்தை மீறாமலே ஊர் தன் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டது. நிலம் தாராளமாக இருந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடு. புருஷன் விட்டுப்போனாலும் பெண்ணின் தலைக்கு மேலே ஒரு கூரை இருந்தது.

நிலம் தாராளமாக இருந்த காலம் என்றேன். பிரித்தானியர் காலத்தில் ஆளுநர் ஹென்றி வார்ட் 1850களில் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தியபோது வயல் மேற்கே விரிந்தது. போடியார்மாரின் செல்வாக்கும் கூடவே வளர்ந்தது. ஒரு போடியார், அவருக்குக் கீழே முல்லைக்காரர்கள், அறுவடையில் களவெட்டியிலேயே பங்கு பிரிப்பு. வணிகம் மறைந்துபோகவில்லை, நெல்லோடு சேர்ந்து நடந்தது. ஆனால் ஒரு மனிதனின் மதிப்பைக் கடையை வைத்து அல்ல, விதைப்பு ஏக்கரை வைத்து ஊர் அளந்தது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டியதால் கீழ்ப்பகுதி வயல்களுக்கும் நன்மை வந்தது. சிறுபோகமும் நம்பிச் செய்யக்கூடியதானது. இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அதே திட்டம் மேற்கே புதிய குடியேற்றங்களை நிரப்பியது. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிங்களவர். காடு வெட்டி வயல் சேர்த்துக்கொண்ட பழைய வழி எமது விவசாயிக்கு அடைபட்டுப் போனது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1981 குடிசன மதிப்பீட்டில் அங்கே முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 வீதம், சிங்களவர் ஏறத்தாழ 38 வீதம். கிழக்கு முஸ்லிம்களின் தனிக் கட்சி அரசியல் 1980களில் பிறந்ததை இன யுத்தத்தை மட்டும் வைத்து விளக்குகிறார்கள். காணியை விட்டுவிட்டு அதை விளக்கினால் பாதிதான் விளங்கும்.

யுத்தம் மிச்சத்தையும் எடுத்தது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு எத்தனையோ பேர் தூரத்து வயலுக்குப் போகவே பயந்தார்கள். உறுதி கையில் இருந்தது, காணி கையில் இல்லை.

இப்போது ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். மேற்கே வழி அடைப்பு, கிழக்கே கடல். நடுவில் ஒரு ஒடுங்கிய மணல் திட்டு. வழக்கமோ மாறவில்லை, மகளுக்கு வீடு வேண்டும். மூன்று பெண்பிள்ளை இருந்தால் ஒரு வளவு மூன்றாகிறது, அடுத்த தலைமுறையில் ஒன்பதாகிறது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் மதிலோடு மதில் முட்டி நிற்கும் வீடுகள் இப்படி வந்தவைதான். ஒரு காலத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருந்த வழக்கம், நிலம் சுருங்கியதும் பெண்ணைப் பெற்றவர்களின் கழுத்துக்கு வந்துவிட்டது. "ஊடு இல்லாத புள்ளையை யாரு கேட்டு வருவான்?" என்று கேட்கிற உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் வீட்டுவேலை செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். சீதனம் ஹராம் என்று மிம்பரில் சொல்வது சரிதான். ஆனால் இந்த வழக்கம் எந்த நிலத்தில் வேர்விட்டது, அந்த நிலத்துக்கு என்ன நடந்தது என்று யோசிக்காமல் பேசினால், ஜும்ஆ முடிந்து வெளியே வந்ததும் அந்தப் பேச்சு மறந்துபோகும்.

இதில் அரசின் பங்கும் உண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரக் காணிக்கு வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனையே வைத்தது. கிழக்கின் தாய்வழி வழக்கத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளை அள்ளிக்கொண்டு போனபோது, போன வீடுகளில் பெரும்பாலானவை பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பின்னால் போவதற்கு இடம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. மாற்று வீடு கொடுக்க வந்த அதிகாரிகளின் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் புருஷனின் பெயரை எழுதினார்கள். உம்மாவின் உம்மா காலத்திலிருந்து பெண்ணின் பெயரில் வந்த வீட்டுக்குப் பதிலாக வந்த புது வீட்டு உறுதி, பல குடும்பங்களில் ஆணின் பெயரில் வந்தது.