எஞ்சினுக்கு ஊட்டிய சூடு

கனடாவின் எட்மன்ரன் நகரில் வசிக்கும் என் பழைய பத்திரிகை நண்பர் கடந்த மார்கழியில் தொலைபேசியில் அழைத்திருந்தார். 1980களில் தயாரான கார் ஒன்றை மலிவு விலைக்கு வாங்கியிருந்த அவர், அதற்கு எஞ்சின் சூடாக்கி பொருத்திய கதையை நெடுநேரம் விபரித்தார். முடிவில், "றேடியேற்றருக்கு முன்னால் ஒரு மட்டையையும் வைத்துக் கட்டியிருக்கிறேன். எங்கள் ஹயர்கார் அண்ணையின் சாக்கு உங்களுக்கு ஞாபகமா?" என்று கேட்டார்.

மறக்கக்கூடியதா அந்தச் சாக்கு? அதைப்பற்றி எழுதுவதற்கு முன்னர், அந்தச் சூடாக்கியின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

எஞ்சினின் இரும்பு உடலை வார்க்கும்போது உள்ளே தங்கும் மணலை வெளியேற்றுவதற்காகத் துளைகள் விடப்படுகின்றன. பின்னர் அவை கிண்ண வடிவான உலோக மூடிகளால் அடைக்கப்படும். நண்பர் குளிர்விக்கும் திரவத்தை வடித்துவிட்டு, அத்தகைய மூடி ஒன்றைக் கழற்றி, துளையின் விளிம்பிலிருந்த துருவைச் சுரண்டி, அவ்விடத்தில் சூடாக்கியைப் பொருத்தினார். பின்னர் திரவத்தை நிரப்பி, உள்ளே சிறைப்பட்ட காற்றை வெளியேற்றி, கசிவு இல்லையென உறுதிசெய்த பின்னரே மின்சாரம் கொடுத்தார். திரவம் நிரம்புமுன் மின்சாரம் கொடுத்தால் சூடாக்கி கருகிவிடும். காலையில் புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் மின்னிணைப்பு கிடைத்தால் போதுமானது. அதற்கென நேரம் குறிக்கும் ஆளி ஒன்றையும் வைத்திருக்கிறார்.

மோட்டார் வாகனத்தின் ஆரம்ப காலத்தில் இந்த வசதி இருக்கவில்லை. வட அமெரிக்கச் சமவெளியின் விவசாயிகள் எஞ்சினின் மீது கொதிநீர் ஊற்றினார்கள். இரவில் எஞ்சின் ஒயிலை வடித்து வீட்டினுள் வைத்து, காலையில் மீண்டும் ஊற்றினார்கள். சிலர் காருக்குக் கீழே தணல் அள்ளிப் போட்டார்கள். பெற்றோல் தாங்கிய வாகனத்தின் அடியில் தணல்!

இதற்கு மாற்றுவழி கண்டவர்களுள் முக்கியமானவர் அன்ட்ரூ ஃப்றீமன். வட டகோட்டா மாநிலத்தின் கிறாண்ட் ஃபோர்க்ஸ் நகரிலிருந்த மின்கொÓப்பரேற்றிவ் ஒன்றின் முகாமையாளர் அவர். செப்புக் குழாய்த் துண்டொன்றையும் பழைய மின்னழுத்தி (இஸ்திரிப்பெட்டி) ஒன்றின் சூடேறும் கம்பியையும் கொண்டு முதல் மாதிரியை உருவாக்கினார். சிலிண்டர் தலையை இறுக்கும் போல்ற் ஒன்றை அகற்றி, உள்ளே சூட்டுக்கம்பி பொதிந்த வேறொரு போல்ற்றை அங்கு பூட்டுவதே அவரது உத்தி. 1949 நவம்பர் 8 ஆம் திகதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

இதைக் கண்டுபிடித்தவர் கார் உற்பத்தியாளர் அல்லர், மின்சாரம் வழங்குபவர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. 1935 இல் ஜனாதிபதி றூஸ்வெல்ற் கிராமிய மின்மயமாக்கலுக்கென நிர்வாகம் ஒன்றை அமைத்த பின்னரே நிலைமை மாறியது. பண்ணைக்கு மின்கம்பி வந்திராவிட்டால் ஃப்றீமனின் போல்ற்றால் அங்கு எவருக்கும் பயன் விளைந்திராது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருமருந்தாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. எஞ்சின் சூடேறிவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். சூடேறும்வரைதான் சிக்கல். ஆகவே சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1917 இல் அறிமுகமான ஃபோட்சன் உழவு இயந்திரமும் இதே முறையில் இயங்கியதுதான்.

எரிபொருள் ஆவியாக மறுப்பதே இரண்டு இடத்திலும் பிரச்சினை. எட்மன்ரனில் மறை 30 பாகையில் பெற்றோல் செய்யும் சண்டித்தனத்தை, யாழ்ப்பாணத்தில் 30 பாகை வெயிலில் மண்ணெண்ணெய் செய்தது. எஞ்சினின் சூடு தணியாதிருக்க எங்கள் ஹயர்கார் அண்ணை றேடியேற்றருக்கு முன்னால் சாக்குக் கட்டினார். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றுவிட்டுப் பத்திரிகைக்கு வந்திருந்த எனக்கு, அந்த வெக்கையில் காருக்குப் போர்வையா எனச் சிரிப்பு வந்தது.

1994 இல் ஓரிரவு அந்தச் சிரிப்பு அடங்கியது. அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. அண்ணையிடம் இருந்தது ஒரு மருந்துப் போத்தலின் பாதியளவு பெற்றோல். முதல் முயற்சியில் எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. பெற்றோலிலும் பெரும்பகுதி போய்விட்டது. பெண்ணின் தாயார் விறாந்தையில் நின்று நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணை எதுவும் பேசாமல் நான்கு பிளக்குகளையும் கழற்றி, அடுப்பில் சுடவைத்து, துணியால் பிடித்துக்கொண்டு வந்து மீண்டும் பூட்டினார். எஞ்சிய துளிகளைக் காபரேற்றரில் விட்டார். கார் இயங்கியது. யாழ். வைத்தியசாலை வாசலில் எஞ்சினை நிறுத்தாமலே காத்திருந்தார். நிறுத்தினால் மீண்டும் இயக்கப் பெற்றோல் இல்லை. விடியுமுன் குழந்தை பிறந்தது. கூலியை வாங்கிக்கொண்ட அவர், பெற்றோலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவரிடம் ஒரு துளி பெற்றோலும் இருக்கவில்லை. சாக்குக் கட்டியபடியே காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தார். திரும்பி வந்தபோது கொட்டில் மாத்திரம் இருந்தது.

நண்பரின் கார் இப்போது ஒவ்வொரு காலையிலும் முதல் முயற்சியிலேயே இயங்குகிறதாம். சுவரில் செருகினால் மின்சாரம் வருகிறது என்பதை அங்குள்ளவர்கள் எவரும் பெரிதாக எண்ணுவதில்லை என்றார். தானும் அப்படியாகிவிடக்கூடாது என்பதற்காகவே, சூடாக்கி இருந்தும் அந்த மட்டையைக் கழற்றாமல் வைத்திருக்கிறாராம்.