சரக்கு ரயில் விலகினால் பாதை யாருக்கு?

மணமேல்குடியில் ரயில் நிலையம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த இவ்வூருக்கு அருகிலுள்ள நிலையம், திருவாரூர்–காரைக்குடி பாதையிலுள்ள அறந்தாங்கி. சரக்கு ரயில்களை வேறு பாதைக்கு மாற்றி வட்டாரப் பயணிகள் ரயில்களுக்கு இடமளித்தல் என்னும் கொள்கையை, இங்குள்ள தலித் கூலித் தொழிலாளர், மாணவர் ஆகியோரின் நிலையிலிருந்து நாம் பார்க்க வேண்டியுள்ளது.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். மெதுவாகச் செல்லும் நீண்ட சரக்கு ரயில் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டால், பின்வரும் ரயில்கள் காத்திருக்கும். இந்திய ரயில்வேயின் வருவாயில் பெரும்பகுதி சரக்கிலிருந்தே வருவதால், அதனைக் குறைக்கவும் இயலாது. எனவே லூதியானா–சோன்நகர் இடையே 1,337 கி.மீ. கிழக்குப் பாதையும், தாத்ரி முதல் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கி.மீ. மேற்குப் பாதையும் சரக்குக்கெனத் தனியே திட்டமிடப்பட்டன. தமிழ்நாட்டில் அத்தகைய பாதை இல்லை.

ஆனால், பாதை காலியானால் மட்டும் ஏழைகளுக்கு ரயில் வந்துவிடாது. இதற்கு அறந்தாங்கிப் பாதையே சான்று. தஞ்சாவூர் மாவட்ட வாரியம் நிலவரியோடு கூடுதல் வரி விதித்துத் திரட்டிய பணத்தில் போட்ட பாதை, 1903-இல் அறந்தாங்கியை எட்டியது. அந்நிலங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அகலப்பாதைப் பணிக்காக 2012-இல் நிறுத்தப்பட்ட சேவை, 2019 ஜூன் மாதத்தில்தான் திருவாரூர்வரை முழுமையாகத் திரும்பியது. அப்போதும் சுமார் 150 கி.மீ. தொலைவைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேலானது. ரயில்வே கேட்களுக்குப் போதிய பணியாளர் இல்லாததால், ரயிலில் வந்த ஊழியரே இறங்கிக் கேட்டை மூடித் திறந்தனர். அங்கே தடையாக நின்றது சரக்கு ரயில் அன்று. பணியாளர்களை நியமிக்காத நிர்வாகமே.

கட்டணமும் இவ்வாறே. கொரோனாக் காலத்துக்குப்பின் சாதாரணப் பயணிகள் ரயில்கள் ‘சிறப்பு விரைவு’ ரயில்களாக்கப்பட்டு, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. அன்றாடக் கூலியில் வாழ்வோருக்கு அந்த 20 ரூபாய், பயணமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் தொகை. 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் அதிவேக வட்டார ரயில் ஆய்வுக்கு அறிவிக்கப்பட்ட மூன்று தடங்களும் சென்னையையும் கோவை–சேலம் பகுதியையும் சார்ந்தவை.

ஆகவே, சரக்கை மாற்றும் திட்டம் எதுவாயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. விடுபடும் நேரத்தில் எத்தனை ரயில்கள் முன்பதிவற்றவை என்பது முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். சிறுநிலையங்களில் அவை நிற்க வேண்டும். அறந்தாங்கியில் ரயில் வரும் நேரத்துக்கேற்ப மணமேல்குடிக்குப் பேருந்து இயங்க வேண்டும். இவையின்றிக் காலியாகும் பாதை, வசதி படைத்தோரின் விரைவு ரயில்களுக்கே போய்ச் சேரும்.