டிரைவ் இரைச்சல்: நான்கு வரிகளும் உரையும்

மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவை எந்தக் கம்பெனி செய்தாலும், அதைப் பொருத்தும் முறை பற்றிக் கையேடு சொல்வது ஏறத்தாழ ஒன்றேதான். அதன் சாரத்தை நான்கு வரியாக்கி, சின்னமுட்டம், குளச்சல் கரையோர ஐஸ் பிளாண்டுகளில் பேனல் வேலை செய்யும் தம்பிகளுக்காக இங்கே உரை எழுதுகிறேன்.

1. மோட்டார் கேபிள் கவசம் உடையதாகுக. கவசம் இருமுனையிலும் எர்த் ஆகுக.

415 வோல்ட் மூன்று பேஸ் கரண்டை டிரைவ் முதலில் ஏறத்தாழ 585 வோல்ட் டி.சி.யாக மாற்றுகிறது. பிறகு ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகள் அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு வெட்டிலும் வோல்ட்டேஜ் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைந்த நேரத்தில் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில், மோட்டார் சுருளுக்கும் அதன் உடலுக்கும் இடையே உள்ள மின்தேக்கத்தின் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். கசிந்தது டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். நாஞ்சில் நாட்டு வயலில் மிஞ்சிய மழைத் தண்ணீரை வரப்பை உயர்த்தி யாரும் அடக்குவதில்லை, வடிகால் வெட்டி விடுவார்கள். கவசம்தான் இந்தக் கரண்டுக்கு வடிகால்.

'இருமுனையிலும்' என்றது ஏன்? மோட்டார் பக்கம் இணைக்காமல் விட்டால், திரும்பும் கரண்ட் பிளாண்டின் இரும்புச் சட்டத்திலும் குழாயிலும் ஏறி அலையும். சிக்னல்களைக் கெடுக்கும் இரைச்சல் என்பது இதுதான். கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய் என்று படித்த விதி அனலாக் சிக்னல் கேபிளுக்கு உரியது. அதை இங்கே கொண்டுவரக் கூடாது.

2. கவசம் வளையமாகத் தொடுக, வாலாகத் தொங்கற்க.

அதிகம் மீறப்படுவது இந்த வரிதான். கவசப் பின்னலை முறுக்கி, லக் அடித்து எர்த் பாரில் திருகிவிட்டால் பார்வைக்கு எர்த் ஆனது போலவே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு அந்த 10 செ.மீ. வால் ஒரு தடையே அல்ல. 30 மெகாஹெர்ட்ஸில் அதே வால் ஏறத்தாழ 20 ஓம் தடையாகிறது. ஆகவே பின்னலைச் சுற்றிலும் கவ்வும் இ.எம்.சி. கிளாண்டு போடுங்கள், அல்லது வெறும் தகட்டில் கிளாம்ப் போடுங்கள். பேனலின் பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. கிளாம்ப் அமரும் இடத்தில் அதைச் சுரண்டியே ஆக வேண்டும்.

நம் கடற்கரையில் வேலை அதோடு முடிவதில்லை. சுரண்டிய தகட்டை உப்புக்காற்று துருவாக்கும், செம்புப் பின்னலைப் பச்சை பூக்க வைக்கும். டிரைவை ஓட விட்ட அன்று சரியாக இருந்த இணைப்பு, எவர் கையும் படாமலே கெட்டுப்போகும். தகரம் பூசிய பின்னல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இறுக்கிய பிறகு மேலே துருத்தடுப்புப் பூச்சு கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். இவ்வரிக்கு நானாகச் சேர்ப்பது இவ்வளவும்.

3. சிக்னல் கேபிள் விலகுக. கடப்பின் குறுக்காகக் கடக்க.

பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் 4–20 மில்லிஆம்பியர் வயரும் மோட்டார் கேபிளும் ஒரே டிரேயில் ஓட வேண்டாம். 30 செ.மீ. இடைவெளி நல்லது. கடக்கத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

4. ஃபில்டரை நீக்கற்க.

இரைச்சலை அடக்க டிரைவில் உள்ள ஃபில்டரின் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடுவது இயல்பு. அதனால் 30 மில்லிஆம்பியர் ஈ.எல்.சி.பி. ட்ரிப் ஆகும்போது ஃபில்டரின் எர்த் ஸ்குருவைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த ஸ்குரு கழற்றும்படி வைக்கப்பட்டிருப்பது நியூட்ரல் எர்த் ஆகாத சப்ளைக்காக. நம் லைன் அப்படிப்பட்டதல்ல. டிரைவுக்குத் தனி லைனும் அதற்கேற்ற பி வகை ஈ.எல்.சி.பி.யும் கொடுங்கள். கசிவு 3.5 மில்லிஆம்பியரைத் தாண்டும் என்பதால் எர்த் வயர் 10 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும், இல்லையேல் இரண்டாவது எர்த் வயர் ஒன்றை இழுங்கள்.

வேலையைச் சோதிக்க ஒரு பழைய ஏ.எம். ரேடியோ போதும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, டிரைவை ஓட்டி, கேபிள் நெடுக நடந்து பாருங்கள். கரகரப்பு ஓங்கும் இடத்தில் கவசத்தின் இணைப்பைச் சந்தேகியுங்கள். நாகர்கோவில் வானொலியின் எஃப்.எம். 101 தெளிவாகக் கேட்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டிரைவ் இரைச்சலின் பெரும்பகுதி 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது.