வீட்டிலே விளைந்த குரல்வளம்

இசைத்தட்டுக்குப் பாடுவோர் ஒலிவாங்கிக்குச் சற்று எட்டவே நிற்க வேண்டும் என்பது 1940களில் ஒலிப்பதிவு நிலையங்கள் பலவற்றில் நிலவிய வழக்கு. அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல் இதனை மீறினார். ஹொலிவூட்டில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையையே பதிவுக்கூடமாக்கிக்கொண்ட அவர், பாடகி மெரி போட்டை ஒலிவாங்கிக்குச் சில அங்குல தூரத்தில் நிறுத்திப் பாடவைத்தார். குரல் அருகே ஒலிப்பின் கருவியின் ஒலிப்பெருக்கத்தைக் குறைக்கலாம். குறைக்கவே அறையின் எதிரொலியும் வெளி இரைச்சலும் அடங்கும். உரத்துப் பாடவேண்டிய தேவையும் அகன்றது.

1949இல் பாடகர் பிங் குறொஸ்பி அவருக்கு அம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவியொன்றை அன்பளித்தார். அதில் மேலுமொரு காந்தத் தலையைப் பொருத்தி, பதிந்த பாட்டைக் கேட்டவாறே அதனுடன் மற்றொரு குரலையும் சேர்த்துப் பதியும் வழியை லெஸ் போல் கண்டார். ஆனால், புதியது பதியும்போதே பழையது அழிந்துவிடும். பத்தாவது குரலில் ஒரு சொல் தடுமாறினும் முந்திய ஒன்பதும் போயின, முதலிலிருந்தே தொடங்கவேண்டும்! துணிவு லெஸ் போலுடையதாயினும், சுமை மெரி போட்டின் தொண்டையிலேயே விழுந்தது எனலாம். ஒவ்வொரு படியிலும் தெளிவும் சிறிது மங்கியமையால், பின்னணிப் பகுதிகளை முதலிலும் முதன்மைக் குரலை இறுதியிலும் பதிந்தனர்.

1951இல் வெளிவந்த 'ஹவ் ஹை த மூன்' இவ்வாறு பிறந்ததே. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. 1957இல் எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதியும் கருவி அவர் வீட்டுக்கு வந்தது. அதன்பின், ஒரு தடத்திற் பிழை நேரின் அத்தடத்தை மட்டும் மீளப் பாடினாற் போதுமாயிற்று.