ரத்தான சட்டத்தில் 1,307 வழக்குகள்: 66ஏ வழியாக அரசமைப்பைப் புரிந்துகொள்வோம்

2012 நவம்பர். பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முழுக்கக் கடையடைப்பு. ‘இது தேவைதானா?’ என்ற தொனியில் பால்கர் பகுதியைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு ஒரு லைக் போட்டார். இருவருமே கைது செய்யப்பட்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபர் ட்விட்டர் பதிவுக்காகக் கைதாகியிருந்தார்.

இந்தக் கைதுகளில் காவல்துறை பயன்படுத்தியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரச்னை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால், தீர்ப்புக்குப் பிறகும் 11 மாநிலங்களில் அதே பிரிவில் 1,307 புதிய வழக்குகள் பதிவாகியிருப்பதாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அந்த ஆண்டு மார்ச் நிலவரப்படி, பழையதும் புதியதுமாக 745 வழக்குகள் மாவட்ட நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்தன.

இல்லாத சட்டத்தில் எப்படி வழக்கு போட முடிந்தது? இதற்குப் பதில் தேடினால், நம் அரசமைப்பு அதிகாரத்தை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது, அது உரிமையை எங்கே காப்பாற்றுகிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதெல்லாம் புரிந்துவிடும்.

சட்டம் போட்டது யார்? கைது செய்வது யார்?

எந்த விஷயத்தில் யார் சட்டம் இயற்றலாம் என்பதை அரசமைப்பின் ஏழாவது அட்டவணை சொல்கிறது. 1950-ல் மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 இனங்கள் இருந்தன. பிறகு இந்த எண்ணிக்கையில் சில மாற்றங்கள் வந்தன.

தொலைபேசி, ஒலிபரப்பு போன்ற தகவல் தொடர்பு வழிகள் மத்தியப் பட்டியலில் வருகின்றன. அதனால் இணையம் தொடர்பான சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. 2008 டிசம்பரில் பெரிய விவாதம் ஏதும் இல்லாமல் நிறைவேறிய ஒரு திருத்தத்தில்தான் 66ஏ உள்ளே வந்தது. 2009 அக்டோபரில் அமலானது. ‘மிகவும் புண்படுத்தும்’ செய்தியை ஆன்லைனில் அனுப்பினாலோ, பொய் என்று தெரிந்தே ஒருவருக்கு எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்க எதையாவது அனுப்பினாலோ மூன்று ஆண்டுவரை சிறை.

ஆனால் காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது சட்டம் டெல்லியில் தயாராகிறது, எஃப்.ஐ.ஆர். போடுவது மாநில அரசின்கீழ் வரும் காவல் நிலையம். இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எரிச்சல் ஒரு குற்றமா?

பேச்சு, கருத்துச் சுதந்திரத்தைத் தருவது அரசமைப்பின் 19(1)(ஏ). அது வரம்பில்லாத உரிமை அல்ல. 19(2)-ன்படி எட்டு காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம்: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல்.

பட்டியலைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். எரிச்சல் அதில் இல்லை. அசௌகரியமும் இல்லை.

அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம், முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது 13-வது பிரிவு. சரி, செல்லாது என்று யார் சொல்வது? சட்டம் போட்ட நாடாளுமன்றமே அதையும் முடிவு செய்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் அந்த வேலை நீதிமன்றத்திடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. 32-வது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். 226-ன்படி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 32-வது பிரிவை அரசமைப்பின் இதயமும் ஆன்மாவுமாகப் பார்த்தார் அம்பேத்கர். மற்ற உரிமைகளை வெறும் எழுத்தாக விட்டுவிடாமல் செயல்பட வைப்பது இதுதான்.

பால்கர் கைதுகளைப் பார்த்து டெல்லியைச் சேர்ந்த ஸ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் இந்த வழியில்தான் வழக்குத் தொடுத்தார். கைதானவர் அவர் அல்ல என்பது கவனிக்க வேண்டிய விஷயம். இடையில் மத்தியில் ஆட்சி மாறியது. ஆனாலும் அரசுத் தரப்பு 66ஏ-வை ஆதரித்தே வாதிட்டது. 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹிண்டன் நாரிமன் அமர்வு 66ஏ-வை முழுமையாக ரத்து செய்தது. ஒரு கருத்தை விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும் உரிமை. அது தூண்டுதல் என்ற எல்லையைத் தொடும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு ஏன் ஸ்டேஷன்வரை போகவில்லை?

நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சட்டப் புத்தகத்திலிருந்து அதன் வரிகளை நீக்கும் வேலை நாடாளுமன்றத்துடையது. இதன் விளைவு என்ன தெரியுமா? 2015-க்குப் பிறகும் 66ஏ அச்சில் அப்படியே இருந்தது. ‘ரத்தாகிவிட்டது’ என்ற தகவல் அடிக்குறிப்பில் மட்டும். இதை 2021-ல் அட்டர்னி ஜெனரலே நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டினார்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது 141-வது பிரிவு. எல்லா அதிகாரிகளும் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்கிறது 144. ஆனால் காவல்துறை மாநில விவகாரம் என்பதால், தீர்ப்பை அமல்படுத்துவதில் மாநிலங்களுக்கும் சமமான பொறுப்பு இருக்கிறது என்று மத்திய அரசு பதில் சொன்னது. அதிகாரத்தைப் பிரித்தபோது கூடவே பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஓர் இடைவெளியும் வந்துவிட்டது.

அந்த இடைவெளியை அடைக்க எவ்வளவு காலம் ஆனது என்று பாருங்கள்:

- 2019 பிப்ரவரி: தீர்ப்பின் நகலை உயர் நீதிமன்றங்களுக்கும், தலைமைச் செயலாளர்கள் வழியாகக் காவல்துறைக்கும் அனுப்ப உச்ச நீதிமன்றம் உத்தரவு.
- 2021 ஜூலை: 66ஏ-வில் வழக்குப் பதிய வேண்டாம் என்று மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தல்.
- 2022 அக்டோபர்: 66ஏ-வின்கீழ் யார் மீதும் வழக்கு நடத்தக்கூடாது, நிலுவை வழக்குகளிலிருந்தும் அந்தப் பிரிவை நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு.
- 2023: ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் நாடாளுமன்றம் 66ஏ-வைச் சட்டப் புத்தகத்திலிருந்தே நீக்கியது.

தீர்ப்பிலிருந்து இதுவரை எட்டு ஆண்டுகள்.

நாடாளுமன்றம் அரசமைப்பையே திருத்திவிட்டால்?

நடந்திருக்கிறது. அதுவும் சென்னையோடு தொடர்புடைய வழக்கில். பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று மாகாண அரசு தடை விதித்தது. 1950-ல் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அப்போது 19(2)-ல் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணமே கிடையாது. அடுத்த ஆண்டே முதல் திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் அதைச் சேர்த்தது. அதே திருத்தத்தில் கட்டுப்பாடுகள் ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. 66ஏ-வை வீழ்த்த உதவியதில் அந்தச் சொல்லுக்கும் பங்கு உண்டு.

இந்த இழுபறிக்கு 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் ஓர் எல்லை போடப்பட்டது. அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 13 நீதிபதிகள் அமர்வில் 7-6 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது.

உங்களுக்கு இதில் என்ன?

66ஏ போய்விட்டது என்பதால் எதை வேண்டுமானாலும் போஸ்ட் பண்ணலாம் என்று அர்த்தமில்லை. அவதூறு, வன்முறையைத் தூண்டுதல் போன்றவற்றுக்கு வேறு சட்டப்பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் மீதோ, தெரிந்தவர் மீதோ ஒரு பதிவுக்காகப் புகார் வந்தால் சில விஷயங்களை மறக்காதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, எந்தெந்தப் பிரிவுகள் என்று முதலில் பாருங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். விரும்பும் வழக்கறிஞரிடம் பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை போலீஸ் காட்டும் சலுகைகள் அல்ல, அரசமைப்பின் 22-வது பிரிவு தரும் உரிமைகள். வழக்கே செல்லாத பிரிவில் போடப்பட்டிருந்தால், அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

66ஏ முடிவுக்கு வந்ததற்கு, ஒருவர் வழக்குத் தொடுத்ததும், தீர்ப்புக்குப் பிறகும் வேறு சிலர் வழக்குகளை எண்ணிக்கொண்டிருந்ததும் காரணம். அந்த 1,307 என்ற எண்ணை எந்த அரசுத் துறையும் தானாக முன்வந்து நீதிமன்றத்தில் வைக்கவில்லை.