கேட்காத வெள்ளை

ராஜபாளையம் நாய் என்றதும் எல்லாருக்கும் ஒரே படம்தான் மனசில் வரும். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பொன்னிறக் கண். 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய்களோடு நம்ம ஊர் நாயும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்தப் பெயரைச் சொன்னார். இந்தப் பெருமையில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. இந்த இனத்தில் காது கேட்காமல் போகிற குட்டிகளும் உண்டு.

அதற்கும் அந்த வெள்ளைக்கும் தொடர்பு இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே வகை செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உயிரோடு இருக்க அவை தேவை. வெள்ளைக்குக் காரணமான மரபணு அந்த நிறமிச் செல்களைக் காதுவரை போகவிடாமல் தடுத்தால், மயிர்ச் செல்கள் செத்துவிடும். திரும்ப முளைக்காது. என் தொழில் பாஷையில் சொன்னால், இது தனியாக வந்த பக் இல்லை. கேட்டு வாங்கின ஃபீச்சரோடு சேர்ந்தே வந்தது.

கேட்டு வாங்கியவர்கள் மனிதர்கள். ராஜபாளையம் குட்டிகளில் பழுப்பு, கறுப்பு, புள்ளி எல்லாம் பிறப்பதுண்டு. வாங்க வருகிறவர்களுக்கு வெள்ளைதான் வேணும் என்பதால், மற்ற நிறக் குட்டிகளை வளர்ப்பவர்கள் முன்பெல்லாம் கழித்துக்கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையே சேர்ந்தது. இனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த தேர்வுதான் காதைப் பலி கேட்டது.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. நீலக்கண் பூனைகள் எப்போதுமே செவிடு என்று டார்வின் 1859-லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன் நாய்களில் சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. 22 சதவீதத்துக்கு ஒரு காது கேட்கவில்லை.

நாயை விட்டுப் பாம்புக்கு வந்தாலும் இதேதான். வெளிநாட்டில் செல்லமாக வளர்க்கும் பால் பைத்தானில் ‘ஸ்பைடர்’ என்று ஒரு நிற வகை உண்டு. சிலந்தி வலை மாதிரிக் கோடுகளுக்காகவே இனப்பெருக்கம் செய்கிறார்கள். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி தலையை ஆட்டும், கழுத்தைத் திருகும், இரையைக் குறிதவறிக் கொத்தும். 2022-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பாம்புகளின் தலையை ஸ்கேன் செய்து பார்த்தது. உள்காதில் சமநிலை காக்கும் பகுதி உருக்குலைந்து இருந்தது. அங்கேயும் அழகும் ஊனமும் ஒரே பொட்டலத்தில். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பால் பைத்தான்களைப் பலமுறை பிடித்திருக்கிறது. அதனால் இதை யாரோ தூரதேசத்துக்காரர் ஆசை என்று தள்ளிவிட முடியாது.

ராஜபாளையத்துக்கே திரும்புவோம். எல்லா நாய்க்குட்டியும் காது மூடித்தான் பிறக்கிறது. இரண்டு வாரத்தில் காது திறக்கும். நிறமி இல்லாத காது பழுதாவது மூன்றாவது நான்காவது வாரத்தில். ஒரு மாதம் ஆனதும் குட்டி கைமாறிவிட்டால், விற்றவருக்கே தெரிந்திருக்காது. கூடப் பிறந்தவை எழுந்தால் இதுவும் எழும், அவை ஓடினால் இதுவும் ஓடும். அதனால் குட்டி தனியாகத் தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், பின்னாலிருந்து சத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஐந்து வாரத்துக்குப் பிறகு மூளையின் மின்னலையை அளக்கும் பரிசோதனை வேண்டும். அந்தக் குட்டி வளர்ந்து தாயானால் குறையைக் கடத்தும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை, அடிவாரத்தில் மாந்தோப்புகள். தோப்புக் காவல் நாய்க்குக் காதுதான் தொழில். பன்றி வருவதும் சிறுத்தை வருவதும் கேட்காத நாயை அங்கே கட்டிப்போட்டால், அது காவலும் காக்காது, தன்னையும் காத்துக்கொள்ளாது. அதே நாய் சுற்றுச்சுவர் உள்ள வீட்டில் நன்றாகவே வாழும். கைச்சைகை பழகும். வெளியே போனால் கயிறு வேண்டும். தூங்கும்போது திடுக்கென்று தொடக்கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் குறையோடு பிறந்ததைப் பார்த்துக்கொள்வது பாதி வேலைதான். மீதிப் பாதி, பிறப்பதற்கு முன்னால். கேட்காத நாயை இனவிருத்திக்கு விடாமல் இருப்பது, விற்கும்போது உள்ளதைச் சொல்வது, வாங்கப் போகும்போது பழுப்புக் குட்டியையும் தூக்கிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னது வளர்ப்பவர் கையில் இல்லை. நம்ம கையில் இருக்கு.